பருவம் முடிந்தும் மூடப்படாத கோப்புறை

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே உள்ள ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன். உறுப்பினர்களின் சிட்டா, ஆதார் நகல், வங்கி பாஸ்புக்கின் முதல் பக்கம், அன்றாட எடைச் சீட்டுகள், மாங்கூழ் ஆலைக்கு அனுப்பிய லோடு விவரம், பட்டுவாடாக் கணக்கு ஆகிய அனைத்தும் கூகுள் டிரைவில் ஒரே கோப்புறையில் உள்ளன. சென்ற மாம்பழப் பருவத்தில் அவசரத்துக்காக அதன் இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டோம். அப்போது பதிவு வேலைக்கு வந்திருந்த தம்பி இப்போது ஒரு மண்டியில் வேலை செய்கிறார். பெங்களூரா ரகத்துக்கு நாங்கள் ஆலையோடு பேசிய விலை மண்டிக்காரர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. இந்த ஆண்டு ஆலைத் தரப்பில் திருத்தும் உரிமை கேட்கிறார்கள்; எங்கள் ஆடிட்டரிடம் ஜிமெயில் முகவரியே இல்லை. வேலை நிற்காமல் வெளியாட்களின் அனுமதியை எப்படி ஒழுங்குபடுத்துவது? இயக்குநர் குழுவிடம் என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உள்ள சிறு நிறுவனங்களின் கணினிக் கணக்குகளைச் சீர்செய்து தருவதே என் தொழில் என்பதால், நீங்கள் எழுதியிருக்கும் நிலை எனக்குப் புதிதன்று. வழிமுறைக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தம்பிதான் விலையைச் சொன்னார் என்ற முடிவுக்கு இப்போதே வந்துவிடாதீர்கள். இணைப்பு கையில் இருக்கும் எவரும் திறக்கலாம் என்ற நிலையில் கோப்புறை இருந்திருக்கிறது. குழுவில் இருந்த ஒருவர் அதை வேறொருவருக்கு அனுப்பியிருக்கலாம், அவர் இன்னொருவருக்கு அனுப்பியிருக்கலாம். தனிநபர் கூகுள் கணக்கில், யார் திருத்தினார், யார் பகிர்ந்தார், யார் இடம் மாற்றினார் என்பதைச் செயல்பாட்டுப் பட்டியலில் காணலாமே தவிர, யார் யார் வெறுமனே பார்த்துவிட்டுப் போனார்கள் என்பது பதிவாவதில்லை. அதனால் பார்த்தவர் யார் என்று நிரூபிக்கவும் முடியாது, ஒருவர் பார்க்கவில்லை என்று நிரூபிக்கவும் முடியாது. ஓர் இளைஞரின் பெயரைக் கெடுக்க இந்த அளவு ஆதாரம் போதாது.

இனி செய்ய வேண்டியது. முதல் வேலையாக அந்தக் கோப்புறையின் பகிர்வுப் பெட்டியைத் திறந்து, பொது அனுமதி என்ற இடத்தில் 'இணைப்பு உள்ள எவரும்' என்றிருப்பதைக் 'கட்டுப்படுத்தப்பட்டது' என்று மாற்றுங்கள். மாற்றியவுடன், மின்னஞ்சல் முகவரியால் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்கப்பட்டவர்களைத் தவிர மற்ற அனைவருக்கும் கோப்புறை மூடிக்கொள்ளும். இணைப்பை மட்டுமே நம்பியிருந்த உங்கள் ஊழியர்களுக்கும் அது மூடப்படும் என்பதால், அவர்களின் முகவரிகளை முன்பே கேட்டு வாங்கிச் சேர்த்துவிட்டு இதைச் செய்தால் வேலை ஒரு மணி நேரம்கூட நிற்காது. ஆனால் கோப்புறையை மூடியதோடு நின்றுவிடக் கூடாது. அதற்குள் இருக்கும் ஏதாவது ஒரு தாளை யாரேனும் தனியாக இணைப்பு மூலம் திறந்துவிட்டிருந்தால், அந்தத் தாள் இன்னும் திறந்தேதான் இருக்கும். விலைத் தாள், பட்டுவாடாத் தாள், உறுப்பினர் ஆவணங்கள் ஆகியவற்றையாவது ஒவ்வொன்றாகத் திறந்து அவற்றின் பகிர்வுப் பெட்டியைப் பார்த்துவிடுங்கள்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. கூகுள் டிரைவில் ஒரு கோப்புறையின் இணைப்பு முகவரியை நாம் புதிதாக மாற்றிக்கொள்ள முடியாது. இன்று மூடிவிட்டு, அடுத்த பருவத்தில் யாரோ அவசரப்பட்டு மறுபடியும் 'இணைப்பு உள்ள எவரும்' என்று மாற்றினால், சென்ற ஆண்டு வாட்ஸ்அப்பில் போன அதே பழைய இணைப்பு மீண்டும் உயிர்பெற்றுவிடும். ஆகவே ஒருமுறை ஊர் முழுக்கப் போன கோப்புறையைத் தொடர்ந்து பயன்படுத்துவதைவிட, இந்தப் பருவத்துக்கெனப் புதிய கோப்புறை ஒன்றை உருவாக்கிப் பழையதை ஆவணக் கிடங்காக மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது. மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவில் நிலைமை சற்று வேறு. அங்கே பகிர்வு இணைப்பை நீக்கிவிட்டு வேறொன்றை உருவாக்கலாம், பழையது செத்துவிடும்.

இதோடு சேர்த்து உடனே சரிபார்க்க வேண்டிய இன்னொன்று, அந்தக் கோப்புறை எந்தக் கணக்கில் இருக்கிறது என்பது. நிறுவனத்தின் பெயரில் ஒரே ஒரு ஜிமெயில், அதன் கடவுச்சொல் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும் என்ற ஏற்பாடு நம் பகுதியில் மிகச் சாதாரணம். உங்கள் இடத்திலும் அப்படி இருந்தால், அந்தத் தம்பி விருந்தினராக அன்று, உரிமையாளராகவே உள்ளே வர முடியும். பகிர்வுப் பட்டியலில் அவர் பெயரைத் தேடி நீக்குவதால் பயன் ஏதுமில்லை. கடவுச்சொல்லை மாற்றுங்கள். கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில், எந்தெந்தக் கருவிகளில் இந்தக் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியல் இருக்கும். அடையாளம் தெரியாத கைபேசி எதுவாக இருந்தாலும் வெளியேற்றுங்கள். அதே பக்கத்தில் மீட்புக் கைபேசி எண் என்ற வரியையும் படித்துப் பாருங்கள். கணக்கைத் தொடங்கிய அன்று அலுவலகத்தில் யார் கையில் கைபேசி இருந்ததோ அவருடைய எண்தான் பெரும்பாலும் அங்கே இருக்கிறது. அவர் வேலையை விட்டுப் போய் ஆண்டுகள் ஆனாலும், கடவுச்சொல் மறந்துவிட்டது என்று கேட்டால் குறியீடு அவருக்கே போகும். அந்த எண்ணை நிறுவனத்தின் எண்ணாக மாற்றி, கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, கைபேசி கையில் இல்லாதபோது உள்ளே நுழையக் கூகுள் தரும் பத்து மாற்றுக் குறியீடுகளை அச்செடுத்து, பண ரசீதுப் புத்தகம் இருக்கும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

அடுத்தது உடைமை. உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காமல் விட்டது இதுவே. என்னை அதிகம் கவலைப்படுத்துவதும் இதுவே. தனிநபர் டிரைவில் உங்கள் கோப்புறைக்குள் இன்னொருவர் தம் சொந்தக் கணக்கிலிருந்து ஒரு தாளை உருவாக்கினாலோ, ஒரு படத்தை ஏற்றினாலோ, அதன் உரிமையாளர் அவர்தான். கோப்புறை மட்டுமே உங்களுடையது. சென்ற பருவத்து எடைச் சீட்டுப் படங்களை அந்தத் தம்பி தம் ஜிமெயிலிலிருந்து ஏற்றியிருந்தால், அவை இன்றும் அவர் பெயரில், அவருடைய 15 ஜிபி இலவச இடத்தில் இருக்கின்றன. அவரைக் கோப்புறையிலிருந்து நீக்கினாலும் அந்தக் கோப்புகள் மீது அவருக்கிருக்கும் உரிமை போகாது. இடம் நிறைந்துவிட்டதென்று அவர் பழையவற்றை அழித்தால், அவருடைய குப்பைத் தொட்டியில் 30 நாள் இருந்துவிட்டு உங்கள் கணக்காதாரம் நிரந்தரமாகப் போய்விடும். அவர் அந்தக் கணக்கைக் கைவிட்டாலும் ஆபத்துதான். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை, உள்ளிருப்பவற்றோடு சேர்த்து நீக்கலாம் என்பது 2023 டிசம்பர் முதல் கூகுளின் விதி.

எனவே அவரை நீக்கும் முன் தேடல் பெட்டியின் விரிவான தேடலில், உரிமையாளர் என்ற இடத்தில் 'எனக்குச் சொந்தமில்லாதவை' என்று தேர்ந்தெடுத்துப் பாருங்கள். வரும் பட்டியலில் நிறுவனத்துக்குத் தேவையானவை எவை என்று குறித்துக்கொள்ளுங்கள். நல்லுறவு இருக்குமானால் அவரை அழைத்து, அவற்றின் உடைமையை நிறுவனக் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அவர் அனுப்பும் கோரிக்கையை நிறுவனக் கணக்கிலிருந்து நீங்கள் ஏற்றுக்கொண்டால்தான் மாற்றம் நிறைவேறும். அதற்கு வழியில்லையென்றால் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு நகல் எடுங்கள். நகல் எடுப்பவரே நகலுக்கு உரிமையாளர். விரிதாள்களில் பழைய திருத்தங்களின் வரலாறு நகலோடு வராது என்பதால், எந்தத் தேதியில் யார் எடையை மாற்றினார் என்பது பின்னால் வழக்காக வரக்கூடிய தாள்களுக்கு மட்டும், அந்த வரலாற்றுப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலை முடிந்த பிறகே அவரை நீக்க வேண்டும். நீக்கிய பின், விரிவான தேடலில் யாரோடு பகிரப்பட்டது என்ற இடத்தில் அவருடைய முகவரியைக் கொடுத்தால், இன்னும் எந்தெந்தத் தாள்கள் தனியாக அவரோடு பகிர்ந்த நிலையில் இருக்கின்றன என்பது தெரியும், அவற்றிலும் நீக்கிவிடுங்கள்.

இந்த ஆண்டு அதே சிக்கல் வராமலிருக்க, எடைச் சீட்டுப் படங்களைக் கோப்புறையில் நேராக ஏற்றச் சொல்லாமல், கோப்பு ஏற்றும் வசதியுள்ள கூகுள் படிவம் ஒன்றை நிறுவனக் கணக்கிலிருந்து உருவாக்கிக் கொடுங்கள். பணியாளர் தம் கணக்கில் நுழைந்து படத்தை அனுப்புவார். ஆனால் படம் நிறுவனத்தின் டிரைவில், நிறுவனத்தின் உடைமையாக வந்து சேரும். அவருக்குக் கோப்புறையைத் திறந்துவிட வேண்டிய தேவையே இராது. சந்தூர், போச்சம்பள்ளிப் பக்கத்துக் கொள்முதல் மையங்களில் நின்றுகொண்டு கைபேசியில் படமெடுத்து அனுப்புபவருக்கும் இதுவே எளிது.

இனி விருந்தினர் அனுமதியின் அடிப்படைக்கு வருகிறேன். நம் பகுதியில் தோப்புக்காரர் காய் பிடித்ததும் மரத்தை ஒரு பருவத்துக்குக் குத்தகைக்கு விடுகிறார். குத்தகைதாரருக்கு அந்தத் தோப்பில், அந்தப் பருவத்துக் காயின் மீது மட்டும் உரிமை. பக்கத்துத் தோப்பின் மீதோ நிலத்தின் மீதோ கிடையாது, அறுவடை முடிந்தால் அந்த உரிமையும் கிடையாது. வெளியாளுக்குக் கோப்புறையைத் திறக்கும்போதும் இந்த மூன்றையும் பேசி முடிவு செய்துவிட்டுத்தான் திறக்க வேண்டும்: எந்த இடம், என்ன உரிமை, எந்தத் தேதி வரை. உங்கள் கோப்புறையில் இவற்றுள் ஒன்றுகூட முடிவு செய்யப்படவில்லை. விலை வெளியே போனதற்கு மூலகாரணம் அதுவே என்று நான் கருதுகிறேன்.

இடம் என்பதில் ஒரு விதியை மனத்தில் வையுங்கள். மேல் கோப்புறையில் கொடுத்த அனுமதி கீழே உள்ள எல்லாவற்றுக்கும் இறங்கும். நிறுவனம் என்ற ஒரே பெரிய கோப்புறைக்குள் ஆதார், விலை, எடை என்று உட்பிரிவு வைத்துவிட்டு, பெரியதை ஆலைக்குத் திறந்தால் ஆதாரும் சேர்ந்தே திறக்கிறது. எனவே வெளியாட்களுக்கான கோப்புறைகளைத் தனியாகவே வையுங்கள். ஆலைக்கு ஒன்று, ஆடிட்டருக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று. உறுப்பினர் ஆவணங்கள் இருக்கும் கோப்புறையில் உங்களையும் தலைமைச் செயல் அலுவலரையும் தவிர எவர் பெயரும் இருக்கக் கூடாது.

ஆலை கேட்கும் திருத்தும் உரிமையைப் பற்றி. அவர்களிடம் எதற்காக என்று கேளுங்கள். பெரும்பாலும் லோடு வந்து சேர்ந்த நேரம், ஆலை எடைமேடையில் வந்த எடை, கழிவு ஆகிய சில கட்டங்களை நிரப்புவதற்காகத்தான் இருக்கும். அதற்கு உங்கள் பட்டுவாடாத் தாளைத் திறந்துவிட வேண்டியதில்லை. அந்தக் கட்டங்கள் மட்டும் உள்ள தனித் தாள் ஒன்றை ஆலைக்கான கோப்புறையில் வைத்து, அதில் மட்டும் திருத்தும் உரிமை கொடுங்கள். உங்கள் முதன்மைத் தாள் அதிலிருந்து எண்களை எடுத்துக்கொள்ளும்படி அமைக்கலாம். எடுக்கும் சூத்திரம் எப்போதும் உங்கள் தாளில் இருக்க வேண்டும். அதை மாற்றி, ஆலை திருத்தும் தாளுக்குள் உங்கள் முதன்மைத் தாளிலிருந்து எண்களை இழுக்கும் சூத்திரத்தை வைத்தீர்களானால், அந்தத் தாளைத் திருத்தும் உரிமை உள்ளவர் சூத்திரத்தில் கட்டங்களின் எல்லையை மாற்றி எழுதி, நீங்கள் காட்ட நினைக்காத பகுதியையும் வரவழைத்துவிட முடியும்.

விலைப் பத்தியை மறைத்து வைத்துவிட்டால் போதாதா என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்பார்கள். போதாது. விரிதாளில் ஒரு பத்தியையோ ஒரு பக்கத்தையோ மறைப்பது கண்ணுக்கு வசதிக்காக ஏற்பட்டது. பார்க்கும் உரிமை மட்டும் உள்ளவர்கூட அந்தத் தாளுக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, நகலில் மறைத்ததைத் திறந்துவிடலாம். பார்ப்பவர்கள் பதிவிறக்கவும் நகலெடுக்கவும் அச்சிடவும் முடியாதபடி பகிர்வு அமைப்பில் தடுக்கலாம் என்பது உண்மைதான்; தடுத்தும் வையுங்கள். ஆயினும் திரையைக் கைபேசியில் படமெடுப்பவரை எந்த அமைப்பும் தடுக்காது. வெளியே போகக் கூடாத எண் வெளியாளுக்குக் காட்டும் தாளில் இருக்கவே கூடாது.

திருத்தும் உரிமையோடு சத்தமில்லாமல் சேர்ந்து வரும் இன்னோர் உரிமையையும் எடுத்துவிட வேண்டும். இயல்பான அமைப்பில், திருத்துபவர் மற்றவர்களையும் உள்ளே சேர்க்கலாம், அனுமதிகளை மாற்றலாம். ஆலையின் கொள்முதல் மேலாளர் நல்லெண்ணத்தோடு தம் ஏஜெண்டு ஒருவரைச் சேர்த்துவிடுவார். அது உங்களுக்குத் தெரியவே பல நாள் ஆகும். பகிர்வுப் பெட்டியின் மேல் மூலையிலுள்ள பல்சக்கரக் குறியை அழுத்தினால், திருத்துபவர்கள் அனுமதிகளை மாற்றலாம் என்ற வரியின் முன் ஒரு குறி இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். வெளியாட்களோடு பகிரும் ஒவ்வொரு கோப்புறைக்கும் தாளுக்கும் இதைச் செய்ய வேண்டும்.

ஆடிட்டருக்கு ஜிமெயில் இல்லை என்பது தடையே அன்று. அவர் இப்போது பயன்படுத்தும் அலுவலக மின்னஞ்சல் முகவரியைக் கொண்டே ஒரு கூகுள் கணக்கைத் தொடங்கிக்கொள்ளலாம்; அதற்குப் புதிய ஜிமெயில் தேவையில்லை. அந்த முகவரிக்கே அனுமதி கொடுங்கள். அவருடைய அலுவலகத்தில் உதவியாளர்கள் பார்ப்பார்களானால், ஒவ்வொருவரின் முகவரியையும் தனித்தனியே கேளுங்கள். அவருக்குப் பார்க்கும் உரிமையும் கருத்து எழுதும் உரிமையும் போதும். பற்றுச்சீட்டில் ஐயம் இருந்தால் அந்தக் கட்டத்தின் ஓரத்தில் எழுதுவார், நீங்கள் பதில் எழுதுவீர்கள், எண்ணை மாற்றுவது உங்கள் கையிலேயே இருக்கும். இணைப்பாகத் திறந்துவிடுங்கள், சிரமம் வேண்டாம் என்று அவர் தரப்பில் சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள்.

தேதியைப் பொறுத்தவரை, அனுமதி தானாகவே காலாவதியாகும்படி நாள் குறிக்கும் வசதி கூகுளின் கட்டண நிறுவனக் கணக்குகள் பலவற்றில் உண்டு; இலவசக் கணக்கில் கிடையாது. கட்டணக் கணக்குக்கு இப்போது போக முடியாவிட்டால் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். யாருக்கு, எந்த முகவரிக்கு, எந்தக் கோப்புறையில், என்ன உரிமை, எந்நாள் வரை, யார் சொல்லிக் கொடுத்தது என்று ஒரு வரி எழுதிவிட்டு, முடிவுத் தேதியைக் கைபேசி நாட்காட்டியிலும் போட்டுவையுங்கள். பெங்களூரா வரத்து முடிந்து ஆலையின் கடைசிப் பட்டுவாடா வந்த வாரத்தை எல்லாப் பருவ அனுமதிகளுக்கும் முடிவு வாரமாக வைத்துக்கொண்டால் மறக்காது. பருவப் பணியாளர்கள் நான்கைந்து பேருக்கு மேல் இருந்தால், அவர்களுக்காக ஒரு கூகுள் குழு முகவரியை உருவாக்கி, கோப்புறை அனுமதியை அந்தக் குழுவுக்குக் கொடுங்கள். ஒருவர் வேலையை விட்டால் குழுவிலிருந்து அவரை எடுத்தால் போதும், குழுவின் வழியாக அவருக்குக் கிடைத்த எல்லா இடங்களும் ஒரே நேரத்தில் மூடிக்கொள்ளும்.

ஆலை தன் தரப்பில் ஒன்டிரைவ் பயன்படுத்தி, உங்களையும் அங்கே விருந்தினராகச் சேர்க்கக்கூடும். அப்போது இடம் மாறிவிடுகிறது: விதி அவர்களுடையது, உங்கள் அனுமதி எந்நாளும் நீக்கப்படலாம். நீங்கள் அங்கே ஏற்றும் லோடுச் சீட்டு, தரச் சோதனை அறிக்கை எதுவாயினும் அதன் மூலப்படி உங்கள் டிரைவில் இருக்கட்டும். கணக்கில் வேறுபாடு எழும் நாளில் உங்கள் ஆதாரம் எதிர்த்தரப்பின் கோப்புறையில் மட்டும் இருப்பது நல்லதன்று.

இறுதியாக இயக்குநர் குழுவுக்கும் உறுப்பினர்களுக்கும். மறைக்காமல் சொல்லிவிடுங்கள். விலை வெளியானது வணிக நட்டம். அதைவிடக் கவலைப்பட வேண்டியது, தம் ஆதார் நகலையும் பாஸ்புக் பக்கத்தையும் உங்களை நம்பிக் கொடுத்த சிறு விவசாயிகளின் ஆவணங்கள் அத்தனை மாதம் திறந்து கிடந்தது. 2023-ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் விவரத்தைப் பெற்ற நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், அதைப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும், நோக்கம் முடிந்தபின் வேறு சட்டம் கோரினாலன்றி அழித்துவிட வேண்டும் என்கிறது; அது படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. இனி ஆதார் நகல் தேவைப்படும் இடத்தில், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்டுக் கடைசி நான்கு மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கேட்டு வாங்குங்கள். ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே அதைப் பதிவிறக்கலாம். ஏற்கெனவே வைத்திருக்கும் முழு நகல்களில் தேவையற்றவற்றை நீக்கிவிடுங்கள்.

உறுப்பினர் கூட்டத்தில் நடந்ததைச் சொல்லும்போது, அவர்கள் தம்மைக் காத்துக்கொள்ள என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆதாரின் கைரேகை, கருவிழிப் பதிவுகளை உரியவரே பூட்டிவைக்கும் வசதி ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலும் கைபேசிச் செயலியிலும் இலவசமாக இருக்கிறது. பூட்டியிருக்கும்வரை கைரேகை வைத்துப் பணம் எடுப்பது போன்ற சேவைகள் அவர்களுக்கே இயங்காது, தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் வங்கி முகவரிடம் போய் நின்று திகைப்பார்கள். கைபேசி எண் ஆதாரோடு இணைக்கப்படாத முதியவர்களுக்கு இந்த வசதி கிடைக்காது. முதலில் ஆதார் சேவை மையத்தில் எண்ணை இணைக்க வேண்டியிருக்கும் என்பதால், அவர்கள் பெயரைத் தனியாகக் குறித்துக்கொண்டு உங்கள் ஊழியர் ஒருவர் உடன் போய்வருவது நல்லது. வங்கிக் கணக்கில் காரணம் தெரியாத பற்று எதையேனும் எவரேனும் கண்டால், காத்திராமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணையும் தம் வங்கிக் கிளையையும் அன்றே அழைக்கச் சொல்லுங்கள்.